நான்காம் பாதையின் முதல் ஆறு கிலோமீட்டர்

ஐன் தூத்,
பத்ரூன் மலை.
செப்டம்பர் கடைசி வியாழன்.

மதிப்பிற்குரிய மதாம் லமியா அவர்களுக்கு ரஃப்கா தன்னூஸ் மரியாதையுடன் எழுதுவது.

முதலில், கடிதம் என்று ஒன்றை எழுதி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு என்னை மன்னிக்க வேண்டும். ஏதாவது என்றால் போன் செய் என்று சொல்லித்தான் நீங்கள் என்னிடம் இந்த வேலையைக் கொடுத்தீர்கள். செவ்வாய்க்கிழமை மாலை நீங்களே கூப்பிட்டு, "என்ன ரஃப்கா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டீர்கள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது மதாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் எனக்கு அந்த ஒரு பதில்தான் வருகிறது. வீடு பற்றி எரிந்துகொண்டிருந்தாலும் அதையேதான் சொல்லுவாய் என்கிறாள் அம்மா. உண்மையில் எதுவும் நல்லபடியாக முடியவில்லை. அதனால் எழுதி, பெய்ரூட்டுக்கு வேன் ஓட்டும் ஹன்னாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பெட்டி வெள்ளைத் திராட்சை வரும். அது அப்பா அனுப்புவது. கடிதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நீங்களும் உங்கள் தாயாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அலுவலகத்தின் லிஃப்ட் இதற்குள் சரியாகியிருக்கும் என்றும் நம்புகிறேன். பிப்ரவரியில் நேர்காணலுக்கு வந்தபோது மூன்று மாடி ஏறிவந்து, மழையில் நனைந்த கோட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடைக்கூடத்தில் நின்ற நீல நிறச் சைக்கிளின் கைப்பிடியில் மாட்டினேன். நீர் சொட்டிச் செயின் நனைந்திருக்கும். இத்தனை மாதங்களாக அதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். திராட்சை மலைகளின் சைக்கிள் பாதைகள் என்று நீங்கள் போடப்போகும் புத்தகத்தில் நான்காம் பாதை என்னுடையது: ஐன் தூத்திலிருந்து கஃபர் ஸமீன் ஒயின் ஆலை வரை முப்பத்து நான்கு கிலோமீட்டர். ஓட்டிப் பார்த்து அறிக்கை தர நீங்கள் அனுப்பிய பெல்ஜியத் தம்பதி திங்கட்கிழமை உங்களுக்கு எழுதுவார்கள். அவர்கள் சரி என்றால் பாதை புத்தகத்தில் வரும், கீழே என் பெயரும் வரும். இல்லையென்றால் இரண்டும் வராது என்று நீங்கள் முதலிலேயே தெளிவாகச் சொன்னீர்கள். நானும் வீட்டில் தெளிவாகத்தான் சொன்னேன். ஆனால் எங்கள் வீட்டில் அச்சில் பெயர் வந்தவர்கள் இதுவரை யாரும் இல்லை. பட்டம் வாங்கியதும் நான்தான் முதல். அந்தச் சான்றிதழ் கூடத்தில் தொங்குகிறது. அதன் பக்கத்தில் இருந்த நாட்காட்டியைக் கழற்றி அப்பா போன மாதமே அடுக்களைக்கு மாற்றிவிட்டார். ஆணி மட்டும் சுவரில் காத்திருக்கிறது. பாதிரியார் வரைக்கும் செய்தி போய்விட்டது. அதனால் அந்த அறிக்கைக்கு முன்னால், நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு அவர்கள் தேவாலய முற்றத்தில் வந்து இறங்கினார்கள். யோஸ் என்பவர் நெடுநெடுவென்று உயரம், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவர் மனைவி ஆன்கே குள்ளம். எதையும் ஒரு முறை கேட்டால் போதும், மறக்க மாட்டார். இருவரும் உடலோடு ஒட்டிய பளபளப்பான மஞ்சள் உடையில் இருந்தார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "மேல போடுறத மறந்துட்டு வந்துட்டாங்களா? என் சட்டை ரெண்டு வண்டியில கிடக்கு, கொண்டாரட்டுமா?" என்றார். "சும்மா இருங்க, சைக்கிள்காரங்க உடுப்பே அதுதான்" என்றாள் அம்மா. நான் பிரெஞ்சில் எழுதிய பாதைக் குறிப்பைக் கொடுத்து, பகல் ஒரு மணிக்கு ஒயின் ஆலையில் சாப்பாடு, அங்கே காத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் வளைவில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அழகாகத்தான் போனார்கள்.

அறுவடைக் காலம் என்பதால் அப்பா அன்று ஆலைக்குத் திராட்சை ஏற்றினார். அந்தப் பிக்கப் வண்டியிலேயே பெட்டிகளோடு நானும் மேல் சாலை வழியாகப் போய் ஆலையில் உட்கார்ந்தேன். ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மூன்று மணிக்கு ஆலைச் சமையற்காரர் வந்து, "உன் ஆளுங்க சாமியாரா போயிட்டாங்களா? ஆட்டுக்கறி மூணாவது தடவை சூடாகுது" என்றார். பள்ளத்தாக்கில் போன் எடுக்காது. மூன்றரைக்கு அப்பா, "வா, எதிர்ல போய்ப் பாத்துருவோம்" என்று வண்டியை எடுத்தார். அந்தச் சாலையில் எத்தனை வளைவு உண்டோ அத்தனையிலும் ஓர் ஓடையோ பாறையோ உண்டு. நான் புவியியல் படித்தவள். மனிதர் விழக்கூடிய இடங்களெல்லாம் வரிசையாக மனப்பாடம். எண்ணெய்ச் செக்கருகே ஒரு நாய் உண்டு. கட்டித்தான் இருக்கும், ஆனால் சங்கிலி சாலையின் பாதிவரை நீளும். அதையும் குறிப்பில் எழுதியிருந்தேன், வலது ஓரமாகப் போகவும் என்று. நாய் இருந்தது. அவர்கள் இல்லை. கீழே வர வர ஒவ்வொரு ஓடையையும் எட்டிப் பார்த்தேன். இருபத்தெட்டு கிலோமீட்டர் பின்னோக்கி வந்தபிறகு, அதாவது அவர்கள் புறப்பட்ட இடத்திலிருந்து ஆறே கிலோமீட்டரில், உம் நசீஃப் என்ற அம்மாளின் வீட்டு மதிலில் இரண்டு சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. எட்டரை மணி நேரத்துக்கு ஆறு கிலோமீட்டர். எங்கள் ஊர் ஆமை இதைவிடக் கொஞ்சம் முன்னால் போயிருக்கும்.

குற்றம் என்னுடையது. குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் நான் இப்படி எழுதியிருந்தேன்: "ஊர்களைக் கடக்கும்போது வீட்டில் இருப்பவர்கள் உங்களை உள்ளே கூப்பிடுவார்கள். அன்பாகப் பதில் சொல்லுங்கள்." அவ்வளவுதான். அன்பாகப் பதில் சொல்வது என்றால் அன்பாக மறுப்பது என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. வழியில் போகிறவரைக் கூப்பிடாமல் விட்டால் எங்கள் ஊரில் அவமானம். கூப்பிட்டதும் ஏறிவிட்டால் அது அதைவிட அவமானம். கூப்பிடுகிறவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கலாம், வீட்டில் காபித்தூள் தீர்ந்திருக்கலாம். அதனால் முதல் முறை மறுத்து அவள் மானத்தைக் காப்பாற்றுகிறோம். இரண்டாம் முறை மறுத்து நம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறோம். மூன்றாம் முறையும் கூப்பிட்டால்தான் உண்மையிலேயே அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். யாருக்கும் ஒன்றும் செலவாகாமல் ஊர் முழுக்க நாள் முழுக்க விருந்தோம்பல் நடந்துகொண்டே இருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூச்சுவிடவும் யாரும் சொல்லித் தரவில்லை. பெல்ஜியத்தில் கூப்பிட்டால் வருவார்களாம்.

முதலில் கூப்பிட்டவர் அபு ஜிர்ஜிஸ். மதிலுக்கு வெள்ளையடித்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏறி வாங்க, காபி ஆகுது" என்றாராம். பழக்க தோஷம். திரும்பிப் பார்த்தால் மஞ்சள் உடையில் இரண்டு பேர் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு படியில் நிற்கிறார்கள். காபி ஆகவில்லை. அவர் மனைவி பின்கதவு வழியாக ஓடித் தூளும் சர்க்கரையும் கடன் வாங்கி வந்திருக்கிறாள். அத்திப்பழம், தயிர்க்கட்டி, சுடச்சுட ரொட்டி என்று ஒன்றரை மணி நேரம் போயிருக்கிறது. அங்கிருந்து கிளம்பி இருநூறு மீட்டர் போனால் அவருடைய தம்பி அபு வஹீப் வீடு. அண்ணனும் தம்பியும் ஒரு வேலிக்காக ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. தம்பி சாலைக்கு நடுவிலேயே வந்து நின்றுவிட்டார். "அவன் வீட்டுக் கழுநீரைக் குடிச்சீங்க, என் வீட்டுல உக்காரக்கூட மாட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். யோஸுக்கு அரபி தெரியாது. கூப்பிடுகிறார் என்பது மட்டும் புரிந்திருக்கிறது. என் குறிப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார். அன்பாகப் பதில் சொல்லுங்கள் என்று போட்டிருக்கிறது. அன்பாகப் பதில் சொன்னார்கள்.

அங்கே காபி இல்லை. சோம்பு மணக்கும் அரக். அபு வஹீப் தானே காய்ச்சியது. வால்நட்டும் வெள்ளரியும் வைத்துக்கொண்டு இரண்டாவது கோப்பை ஊற்றும்போது அண்ணன் அபு ஜிர்ஜிஸ் வாசலில் வந்து நின்றாராம், யோஸ் மறந்துவிட்ட தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. ஒன்பது வருடத்தில் முதல் முறை. எதிரியானாலும் வாசலில் நிற்கிறவனைக் கூப்பிடாமல் முடியாது. தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு "ஏறி வா" என்றார். அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டு "வேண்டாம், வேலை கிடக்கு" என்றார். முறைப்படி காரியம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆன்கே எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். ஒரு வெளிநாட்டுப் பெண்ணிடமிருந்து கையை உதறுவது எப்படி என்று அபு ஜிர்ஜிஸுக்குத் தெரியவில்லை. சகோதரர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அதுவரை நின்றுகொண்டு முறைத்தவர்கள் அன்று உட்கார்ந்துகொண்டு சண்டை போட்டார்கள், அவ்வளவுதான். பிறகு நாங்கள் போய் விசாரித்தபோதும், யார் காய்ச்சும் அரக்கில் சோம்பு கூடுதல் என்பதில் ஒரு முடிவுக்கு வந்திருக்கவில்லை.

பிறகு உம் நசீஃப். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை, மகன் நசீஃப் ஆஸ்திரேலியாவில். பாதை ஊரைச் சுற்றி வருவதால்தான் அவர் வீடு ஆறாவது கிலோமீட்டர்; எங்கள் வீட்டிலிருந்து குறுக்கு வழியில் பத்து நிமிட நடை. பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து நான் அவர் வீட்டைத் தாண்டித்தான் பேருந்துக்குப் போவேன். பல்கலைக்கழகத்துக்குத் திரிபோலி போன நான்கு வருடமும் அப்படித்தான். தினமும் வராந்தாவிலிருந்து, "தன்னூஸ் மகளே, ஏறி வா, காபி குடிச்சிட்டுப் போ" என்பார். "உங்க காபி என்னைக்கும் குறையாம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடப்பேன். இரண்டாம் முறையும் கூப்பிடுவார். அதற்குள் நான் வளைவைத் தாண்டியிருப்பேன். எல்லோரும் அப்படித்தான். அவர் கூப்பிடுவது எங்களுக்குச் சேவல் கூவுவதைப் போல. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்துகொள்வோம்.

அன்று நானும் அப்பாவும் படியேறியபோது அந்த வராந்தா மேசையில் வீட்டிலிருந்த பாத்திரமெல்லாம் இருந்தது. யோஸின் முகம் திராட்சை நிறத்துக்கு வந்திருந்தது. ஆன்கே, உம் நசீஃபின் மகனுடைய திருமண ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் புரியாமல், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான், "என்ன ஆச்சு, ஏன் இங்கேயே இருந்துட்டீங்க?" என்று பிரெஞ்சில் கேட்டேன். யோஸ் ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "நீங்க எழுதினபடிதான் செஞ்சோம் ரஃப்கா. காலையில எட்டு மணியிலிருந்து அன்பா பதில் சொல்லிக்கிட்டே இருக்கோம். எங்களால இனிமே முடியல."

உம் நசீஃபிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அத்தை, இவங்களுக்கு நம்ம வழக்கம் தெரியாது. கூப்பிட்டா மறுக்கணும்னு நான் எழுதாம விட்டுட்டேன். உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு" என்றேன். அவர் காபிக் கிண்ணியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தொந்தரவா? ஏண்டி, பதினோரு வருஷமா இந்த வாசல்ல உக்காந்து கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். நீ படிக்கப் போறப்ப கூப்பிட்டேன், படிச்சிட்டு வர்றப்ப கூப்பிட்டேன். ஒருநாள் ஏறினியா? எங்கிருந்தோ வந்த இந்த ரெண்டு மஞ்சக் குருவிங்களுக்குத் தெரிஞ்சது உன் பட்டத்துக்குத் தெரியல. மறுக்கணும்னு எழுதப் போறியா? எழுதிப் பாரு. எழுதினா அவங்களும் நிக்காம போவாங்க. அப்புறம் நான் நாய்க்குத்தான் காபி ஊத்தணும்."

"நாய் காபி குடிக்காது உம் நசீஃப்" என்றார் அப்பா, நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு.

"நீ குடிப்பியா? நீ மட்டும் என்னைக்கு ஏறியிருக்க? வண்டியில ஹாரன் அடிச்சிட்டுப் போறவன்தானே நீ. உக்காரு."

அப்பா உட்கார்ந்தார். ஒரு முறை மறுக்கக்கூட அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

இத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தில் பாதிதான் இருந்திருக்கும். காபி குடித்துக் கொஞ்சம் தெளிந்ததும் யோஸ் என் குறிப்பை விரித்தார். சைக்கிளின் கைப்பிடியில் சரிவை அளக்கும் சின்னக் கருவி ஒன்று வைத்திருக்கிறார். "ஒரு சந்தேகம்" என்றார். "மூணாவது கிலோமீட்டர்ல 'லேசான ஏற்றம்'னு போட்டிருக்கீங்க. என் கருவி அங்க பதிமூணு சதவீதம் காட்டுது. நான் பாதியில இறங்கித் தள்ளினேன். நீங்க அதை எந்த கியர்ல ஏறினீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவுக்குக் 'கியர்' என்ற அந்த ஒரு சொல் புரிந்துவிட்டது. மலர்ந்துபோய், "ரெண்டாவது கியர்தான்னு சொல்லு. முப்பது வருஷ வண்டி, பதினெட்டுப் பெட்டி பாரத்தோட ரெண்டாவதுல ஏறுது. முதல் கியரைத் தொட்டதே இல்லைன்னு சொல்லு" என்றார். கையை வீசி வீசிப் பிக்கப் வண்டியைக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ஆன்கே ஆல்பத்தை மூடினார். "இந்தப் பாதையை நீங்க சைக்கிள்ல ஓட்டிப் பாக்கலையா?"

"என்ன கேக்கிறாங்க?" என்றார் அப்பா. சொன்னேன். அவர் சிரித்தார். "எங்க பொண்ணு சைக்கிள்ல ஏறினதே கிடையாதே. அவளுக்கு எதுக்கு அது? அப்பன் வண்டி இருக்கில்ல?" என்றார். என்னைப் புகழ்வதாகத்தான் அவர் நினைத்தார். அதையும் நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஆன்கேயின் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

ஆகவே மதாம், உண்மை இதுதான். நான்காம் பாதையை எழுதியவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. எங்கள் ஊரில் வாசலைத் தாண்டினால் ஒன்று ஏறும், இல்லையென்றால் இறங்கும். பையன்கள் விழுந்து பழகுவார்கள். பெண்கள் விழுந்தால் ஊர் பேசும், அதனால் யாரும் ஏற்றிவிட மாட்டார்கள். முப்பத்து நான்கு கிலோமீட்டரையும் அப்பாவின் வண்டியில் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். பிறகு துண்டு துண்டாக நான்கு முறை நடந்தேன். நடந்து பார்த்ததால்தான் எந்தச் சுனை மனிதர்களுக்கு, எது ஆடுகளுக்கு, எந்தத் தோட்டத்து மதிலடியில் பகல் இரண்டு மணிக்கும் நிழல் இருக்கும், எந்த மாதத்தில் எந்த வளைவில் குளவி அதிகம் என்பதெல்லாம் தெரியும். ஆனால் ஏற்றங்களைப் பிக்கப் வண்டியின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எழுதினேன். அங்கிருந்து பார்த்தால் உலகத்தில் எல்லா ஏற்றமும் லேசானதுதான். ஏமாற்ற நினைத்து எழுதவில்லை. நேர்காணலில் நீங்கள், ஓட்டத் தெரியுமா என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது எனக்கு எப்போதும் கஷ்டம்.

ஆன்கே, "ஏன் கத்துக்கல?" என்று கேட்டார். "யாரும் கொடுக்கல" என்றேன். அது முழு உண்மை இல்லை. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

அதற்குமேல் அவர்கள் ஓட்டும் நிலையில் இல்லை. சைக்கிள்களை வண்டியில் ஏற்றினோம். காலிப் பெட்டிகள் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். மீதி இருபத்தெட்டு கிலோமீட்டரையும் அப்பா தன் இரண்டாவது கியரில் ஓட்டிக் காட்டினார். யோஸ் ஏற்றம் வரும்போதெல்லாம் கருவியைப் பார்த்து எண்ணை உரக்கச் சொல்லிவிட்டு, மற்ற வழிநெடுகத் தன் மொழியில் பாடிக்கொண்டே வந்தார். ஆன்கே மட்டும் குறிப்பையும் சாலையையும் மாறிமாறிப் பார்த்தார். எண்ணெய்ச் செக்கருகே நாய் பாய்ந்து வந்து, நான் எழுதிய இடத்தில் சரியாகச் சங்கிலி இழுத்து நின்றது. ஆன்கே பென்சிலை எடுத்து ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். என்ன என்று நான் கேட்கவில்லை. ஆலையில் ஐந்தாவது முறை சூடான ஆட்டுக்கறியைச் சாப்பிட்டார்கள். புறப்படும்போது, "அறிக்கையில என்ன எழுதுவீங்க?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன். "நடந்ததைத்தான் எழுதுவோம்" என்றார் ஆன்கே. கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

நேற்று முழுவதும் யோசித்தேன். பாதைக்குத் திருத்தம் எழுத உட்கார்ந்தேன். ஏற்றங்களை யோஸின் கருவிப்படி மாற்றிவிட்டேன், இத்துடன் இணைத்திருக்கிறேன். 'லேசான' என்ற சொல் ஒன்பது இடத்தில் இருந்தது. இப்போது ஓரிடத்திலும் இல்லை. ஆனால் இரண்டாம் பக்கத்து வரியை மட்டும் மாற்ற முடியவில்லை. "இரண்டு முறை மறுக்கவும்" என்று எழுதிப் பார்த்தேன். சரியான குறிப்புதான், அதைப் படித்தவர்கள் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். உம் நசீஃப் வராந்தாவிலேயே இருப்பார். அடித்தேன். "மறுக்க வேண்டாம்" என்று எழுதினேன். அப்படியானால் ஒருவரும் ஆறாவது கிலோமீட்டரைத் தாண்ட மாட்டார்கள். அதையும் அடித்தேன். இத்தனை வருடமாக நாங்கள் மறுத்ததெல்லாம் மரியாதையா, அல்லது நேரமில்லை என்பதற்கு நாங்கள் கண்டுபிடித்த அழகான பெயரா என்று யோசித்ததில் விளக்கை அணைக்க மறந்துவிட்டேன். அந்த இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

முடிவாக என் வேண்டுகோள். நான்காம் பாதையைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பாதையை வைத்துக்கொள்வதென்றால் என் பெயரையாவது எடுத்துவிடுங்கள். ஓட்டத் தெரிந்த யாராவது ஒருவர் மறுபடி எழுதட்டும். எனக்கு வருத்தமில்லை. அப்பாவுக்கு நான் மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன். சுவரிலிருக்கும் ஆணியில் நாட்காட்டியை மறுபடி மாட்டிவிடலாம். அடுக்களைப் புகையில் அது எப்படியும் கறுத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் தாயாரின் முழங்கால் வலி குறையட்டும். உங்கள் தெருவில் மின்சாரம் சொன்ன நேரத்துக்கு வந்து சொல்லாத நேரத்திலும் நிற்காமல் இருக்கட்டும். எங்கள் மலைத் திராட்சை உங்கள் வீட்டில் இனிக்கட்டும். அப்பாவும் அம்மாவும் மரியாதையைத் தெரிவிக்கச் சொன்னார்கள். உம் நசீஃப், நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் ஏறி வரச் சொன்னார்.

பணிவுடன்,
ரஃப்கா தன்னூஸ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிய பிறகு மறுபடி பிரித்திருக்கிறேன். உறை கசங்கியிருந்தால் அதுதான் காரணம். ஹன்னா வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான்.

ஆன்கேயிடம் நான் சொன்ன அந்த அரை உண்மை. பிப்ரவரியில் நேர்காணல் முடிந்து நான் கோட்டை எடுக்கும்போது, நீங்கள் அந்த நீலச் சைக்கிளைக் காட்டி, "இதை எடுத்துட்டுப் போறியா? சும்மாதான் நிக்குது, பாதை எழுத உதவும்" என்று கேட்டீர்கள். நான், "வேண்டாம் மதாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றேன். நீங்கள் "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள். நீங்கள் இருபது வருடம் கனடாவில் இருந்தவர் என்று எனக்கு அப்போது தெரியாது. மூன்று மாடியையும் மிக மெதுவாக இறங்கினேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று, பித்தானே இல்லாத கோட்டுக்குப் பித்தான் போட்டேன். மேலேயிருந்து நீங்கள் இன்னொரு முறை கூப்பிடுவீர்கள் என்று வாசல் வரைக்கும் நினைத்தேன்.

இன்று காலை உம் நசீஃப் வீட்டைத் தாண்டும்போது அவர் கூப்பிட்டார். முதல் முறையிலேயே ஏறிவிட்டேன். அவர் பயந்துபோய்க் காபியைப் பொங்கவிட்டுவிட்டார். அவருடைய திராட்சை உலர்த்தும் முற்றம்தான் எங்கள் ஊரிலேயே சமதளம். மதில் உயரம், வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. விழுந்து பழக நல்ல இடம்.

மேலே என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். மதாம், அது என் முதல் மறுப்பு. எங்கள் ஊர் வழக்கப்படிதான் அதை நீங்கள் படிக்க வேண்டும்.

ஹன்னாவின் வேன் சனிக்கிழமை பெய்ரூட்டிலிருந்து திரும்பும். கூரைமேல் பாரம் கட்டும் இடம் காலியாகத்தான் வரும். அந்தச் சைக்கிளைப் பற்றி என்னை இன்னும் ஒரு முறை கேளுங்கள். மூன்றாவது முறை தேவைப்படாது.